பதிவேட்டில் ரோவெனாவின் பெயர்

அன்புள்ள கொழுந்தி எல்ஸ்பெத்துக்கு,

உன் அத்தான் லாக்லன் எழுதுவது. முழங்கால் நீங்கலாக நலம். திமாருவில் நீயும் உன் கோழிகளும் முழுதாகவே நலமாக இருக்க வேண்டுகிறேன்.

ஹாலன் சிகரத்தில் நான் கலாட்டா செய்ததாக உன் காதுக்கு எட்டியிருக்கும். நடந்தது இதுதான். பனியில் சறுக்கப் போகிறவர்கள் அடிவாரக் குடிலில் உள்ள பதிவேட்டில் பெயர் எழுதவேண்டும், இறங்கி வந்ததும் அதைக் கோடிட்டு அடிக்கவேண்டும். சனிக்கிழமை என் பெயரை எழுதினேன். கை சும்மா இராமல் அடுத்த வரியில் உன் அக்காள் பெயரையும் எழுதிவிட்டது. அவள் இறந்து பதினோரு மாதம் ஆனது கைக்குத் தெரியவில்லை. ஓய்வுபெற்ற வாத்தியார் ஞாயிற்றுக்கிழமையும் சுண்ணாம்புக்கட்டி தேடுவதில்லையா, அதுபோல. நான்கு மணிக்கு இறங்கி என் பெயரை மட்டும் அடித்துவிட்டு சூப் குடித்துக்கொண்டிருந்தபோது அபாயமணி அடித்தது. "ஒரு பொம்பளை இன்னும் இறங்கல!" என்று மீட்புக்குழுவில் புதிதாகச் சேர்ந்த டெஸ் என்ற பெண் கத்தினாள். யார் பெற்ற பிள்ளையோ என்று நானும் ஓடினேன். இருபத்தாறு பேர், இரண்டு நாய்கள். ஒரு மணி நேரம் பனியைக் கோலால் குத்திக் குத்திப் பார்த்தபிறகுதான் டெஸ்ஸிடம் பெயரைக் கேட்கவே எனக்குத் தோன்றியது.

"ரோவெனான்னு எழுதியிருக்கு. தெரிஞ்சவங்களா தாத்தா?"

"என் பொண்டாட்டிம்மா."

"அய்யோ! பயப்படாதீங்க, எப்படியும் கண்டுபிடிச்சிடுவோம்!"

"முடியாதும்மா. அவ போன வருஷமே போயிட்டா."

டெஸ் பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "பின்ன இவ்ளோ நேரமா நீங்க யாரத் தேடுனீங்க?"

அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன், எல்ஸ்பெத்.

துணைக்கு ஒருவர் பெயர் கொடுத்து உடன் வராமல் இனி என்னை மேலே விடமாட்டார்களாம். நியாயம்தான். வீட்டு ஜன்னலிலேயே சிகரம் தெரிகிறது, அது போதும். சறுக்குப் பலகைகளை விற்றுவிடுகிறேன். எனக்குத் தனிமை என்று யாராவது சொன்னால் நம்பாதே. நீ மெனக்கெட்டு வரவும் வேண்டாம்.

உன் அடுப்பு அணையாமலும் கால் வழுக்காமலும் இருக்க வாழ்த்தி,
லாக்லன்

பி.கு.: தபால் போடப் போன வழியில் குடிலுக்குள் நுழைந்து, வரும் சனிக்கிழமைக்கு என் பெயரையும் கீழே உன் பெயரையும் எழுதிவிட்டேன். உனக்குச் சறுக்கத் தெரியாது என்பதை யாரிடமும் சொல்லவில்லை. சூப் குடித்தால் போதும். வராமல் மட்டும் இருந்துவிடாதே. இருபத்தாறு பேரும் உன்னைத் தேடக் கிளம்பிவிடுவார்கள். நானும்தான்.