அரைப்பேர்க் கங்காணியின் திராட்சைப் பெரட்டு

இந்த உலகத்தில் திராட்சைக் குச்சிகளுக்கு இடாப்பு வைத்துப் பேர் கூப்பிட்ட ஒரே மனிதர் எங்கள் அரைப்பேர்க் கங்காணிதான். அந்தக் குச்சிகளின் சார்பில் "இருக்கேங்க" என்று பதில் சொன்ன ஒரே வாத்தியார் நான். இந்த இரண்டாவது சாதனையை இதுவரை வெளியில் சொல்லாமல் வைத்திருந்தேன்.

வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் படிப்பித்த காலத்தில் அவர் எனக்கு அடுத்த வீட்டுக்காரர். கொழுந்து மலையில் ஆட்களை மேற்பார்க்கும் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் வாசித்து வேலைக்கு அனுப்புவதற்குப் பெரட்டு என்று பெயர். மாலையில் கொழுந்தின் எடை குறைந்தால், நாள் முழுக்க மலையில் நின்றவருக்கும் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும். அரைப்பேர் போடுவதில் எங்கள் கங்காணி வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்த்ததே இல்லை. ஓய்வு பெறுவதற்கு முந்திய வருஷம், அடைமழை கொட்டிய ஒரு நாளில், சொந்த மனைவி காமாட்சிக்கே எல்லார் முன்னாலும் அரைப்பேர் போட்டார். ஒரு கிலோ குறைவாம். "முழு நாளும் நின்னேன்ல?" என்று அந்த அம்மா கேட்டதற்கு, தராசைக் கையால் காட்டிவிட்டு அடுத்த பேரை வாசித்தாராம்.

அன்றோடு காமாட்சியக்கா அவரை "ஏங்க" என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். கங்காணியாரே, சாப்பாடு இருக்கு. கங்காணியாரே, கூரை ஒழுகுது. சண்டை கிடையாது, முகம் சுளிப்பது கிடையாது, மரியாதையில் ஒரு குண்டுமணி குறைவு கிடையாது. தோட்டம் அவருக்கு ஓய்வு கொடுத்துவிட்டது; வீடு மட்டும் கொடுக்கவில்லை. மனிதர் உள்ளுக்குள் நொந்துபோயிருந்தார் என்பது எனக்குத் தெரியும். வெளியில் கேட்டால், மழைக்காலத்தில் மூட்டு வலி என்பார்.

அக்காவுக்குக் காலில் ஆபரேஷன் என்று நுவரெலியா ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, தலவாக்கலைப் பழக்கடை நானா கொடுத்தனுப்பிய திராட்சையை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் பார்க்கப் போனோம். அக்கா ஒரு பழத்தை வாயில் போட்டு, ஜன்னலைப் பார்த்தபடி, இது நம்ம வீட்டுப் பின்னால காய்ச்சா எப்படி இருக்கும் என்றார். அவ்வளவுதான். திரும்பி வரும்போது ரயிலில் கங்காணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சேர், கவனிச்சீங்களா? கங்காணின்னு சொல்லல."

அன்றைக்கே திராட்சை வைப்பது என்று முடிவாகிவிட்டது. எந்தத் திராட்சை என்பதை முடிவு செய்யத்தான் எட்டு மாதம் ஆனது.

வீட்டுக்குப் பின்னால் பாறையோரமாக ஒரு பாய் விரிக்கும் அளவு இடத்தில்தான் வெயில் விழும். மற்ற இடமெல்லாம் பனிமூட்டத்துக்குச் சொந்தம். ஆகவே ஒரே ஒரு கொடிதான் வைக்கலாம். கங்காணி என் போனில் திராட்சை வளர்ப்பு வீடியோக்களை எல்லாம் பார்த்து முடித்தார். அதில் பேசியவர்கள் எல்லாம் ஏக்கர் கணக்கில் பேசினார்கள். பாய்க் கணக்கில் பேச ஒருவரும் இல்லை. கடைசியில் மூன்று இனத்திலும் ஒவ்வொரு குச்சி தேடிப்பிடித்துப் பெயின்ட் டின்களில் ஊன்றினார்.

முதலாவது கறுப்புத் திராட்சை, நானா லொறிக்காரரிடம் சொல்லி வடக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தது. அதற்குப் பேர் யாழ்ப்பாணத்தார். இரண்டாவது, நுவரெலியா ஹோட்டல் ஒன்றின் கண்ணாடிக் கொட்டகையில் சொகுசாக வளர்ந்த விதையில்லாப் பச்சை. அதற்குப் பேர் தொரை. மூன்றாவது கம்பம் பக்கத்துப் பன்னீர்த் திராட்சை. இந்தியாவுக்குப் போய்வந்த சொந்தக்காரர் ஒருவரின் குடைக்குள் இருந்து அது வெளியே வந்தது. எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்க வேண்டாம். அதற்குப் பேர் கம்பத்தார்.

காலை ஆறு மணிக்குப் பெரட்டு. கங்காணி பழைய கோட்டு, தொப்பி சகிதம் வந்து நிற்பார். நான் பள்ளிக்கூடத்து இடாப்புப் போல ஒரு கொப்பியும் பேனையுமாக நிற்க வேண்டும். துளிர் விட்டிருந்தால் முழுப்பேர், சும்மா நின்றால் அரைப்பேர். அதிகம் முழுப்பேர் எடுத்தவருக்குப் பாறையோரம். ஒரு நாள் நான் பத்து நிமிஷம் பிந்திப் போனேன். எனக்கும் அரைப்பேர் போடச் சொன்னார். என் கையாலேயே போட்டுக்கொண்டேன்.

யாழ்ப்பாணத்தாருக்கு எங்கள் பனி ஒத்துக்கொள்ளவில்லை. இலையெல்லாம் சாம்பல் பூத்து, ஒரு மாதம் மருத்துவ லீவில் இருந்தார். தொரை வாரத்துக்கு ஒரு முழம் வளர்ந்தார். கம்பத்தாரோ ஒரே ஒரு மொட்டை வைத்துக்கொண்டு மழையிலும் காற்றிலும் அசையாமல் நின்றார். எண்பத்திரண்டு நாள் தொடர்ந்து அரைப்பேர்.

அக்கா தடியை ஊன்றி வந்து பின்வாசலில் நின்று இதையெல்லாம் பார்ப்பார். தைப்பொங்கலுக்குள் முடிவு செய்யாவிட்டால் பாறையோரத்தில் லீக்ஸ் நடப்போவதாக மட்டும் என்னிடம் சொல்லியனுப்பினார். அடுப்படிக்கும் முற்றத்துக்கும் நடுவில் தூது போவதும் என் உத்தியோகத்தில் சேர்ந்திருந்தது.

பொங்கலுக்கு முதல் நாள் முடிவு வாசிக்கப்பட்டது. தொரைக்குப் பெரும் வெற்றி. கங்காணி குழி வெட்டிவிட்டு, மற்ற இரண்டையும் பிடுங்கி எறியக் குனிந்தார். கை கம்பத்தாரைத் தொட்டபோது வாசலில் இருந்து குரல் வந்தது.

"முழு நாளும் நின்னுச்சில்ல?"

கங்காணி குனிந்தபடியே நின்றுவிட்டார். அக்கா குரலை உயர்த்தவில்லை.

"மழையில நின்னதுக்கு ஒரு பேரும் இல்லையா, கங்காணியாரே?"

அவர் நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. வழுக்கையில் கை வைத்தபோதுதான் தொப்பி கீழே விழுந்து கிடப்பது தெரிந்தது. அதை எடுக்கவும் இல்லை. என் பக்கம் திரும்பி, அந்த எண்பத்திரண்டையும் முழுப்பேர் ஆக்கச் சொன்னார். பேனையால் எழுதியது, அழிக்க முடியாது என்றேன்.

"அப்ப வெட்டிட்டு எழுதுங்க சேர். தப்பாப் போட்டது நான்தான்னு பக்கத்துல எழுதுங்க. காமாட்சிக்குக் கேக்குற மாதிரி வாசிங்க."

எழுதினேன். சத்தமாக வாசித்தேன். எண்பத்திரண்டும் முடியும்வரை அக்கா உள்ளே போகவில்லை. பாறையோரத்துக் குழியில் கம்பத்தார் இறங்கினார். யாழ்ப்பாணத்தார் நானா வீட்டு முற்றத்துக்குப் போனார். தொரை திரும்பவும் ஹோட்டலுக்கே போய்விட்டார். ஆனால் அக்கா அன்று மாலையும் "கங்காணியாரே, தேத்தண்ணி" என்றுதான் கூப்பிட்டார். உடனே இளகிவிட அவர் என்ன சாதாரண ஆளா?

மூன்று வருஷம் போனது. எனக்கு நோர்வூட் பக்கம் மாற்றல் கிடைத்துவிட்டது. ஒரு சனிக்கிழமை காலை கங்காணி போன் எடுத்து, உடனே வரச் சொன்னார். போனால், பந்தலில் ஒரே ஒரு குலை. பதினொரு பழம். கங்காணி மறுபடி கோட்டும் தொப்பியுமாக நின்றுகொண்டு, முதல் பழத்தைப் பறித்து அக்காவிடம் நீட்டினார். அக்கா மெல்ல மென்றார். முகம் ஒரு பக்கமாகக் கோணியது.

"ஏங்க, புளிக்குதுங்க."

கங்காணி சட்டென்று என்னைப் பார்த்தார். கண் இரண்டும் நிறைந்திருந்தன.

"கேட்டீங்களா சேர்?"

கேட்டேன் என்றேன். புளிப்பைப் பற்றி அவர் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

எனக்கும் ஒரு பழம் தந்தார். அப்படி ஒரு புளிப்பை நான் பிறகு எங்கேயும் சந்தித்ததில்லை. துப்ப மனம் வரவில்லை; மென்று விழுங்கிவிட்டு, இன்னொன்று தருவீர்களா என்று கேட்டேன்.