சில்வர் பேனாவும் மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையும்

மாதா துணை

ஆம்பூர்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து எழுதுவது.

அன்பும் மரியாதையும் நிறைந்த சவுரியக்கா அவர்களுக்கு, தம்பி சூசைராஜ் எழுதிக்கொள்வது. இங்கு நான், மெர்சி, ரோஸ்லின் மூவரும் மாதா அருளால் சுகம். ஒடுகத்தூரில் தங்கள் முழங்காலும், மாமாவின் சளியும், மல்லாட்டைப் பயிரும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல்.

நிற்க. ரோஸ்லினுக்குத் தாங்கள் பார்த்த வரனின் வீட்டார் நேற்று மதியம் எங்களை விருந்துக்கு அழைத்திருந்தார்கள். பையன் கிளமென்ட் பைபாஸ் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் 'ஏசியன் ஃப்யூஷன்' ஓட்டலில்தான் விருந்து. கிளம்பும்போது தாங்கள் போனில் இட்ட கட்டளை நினைவிருக்கும். "சூசை, போன வருஷம் வாணியம்பாடி சம்மந்தம் உன் வாயாலதான் கெட்டுது. மாப்பிள்ளையோட அப்பா செருப்பைப் பாத்து 'இது தோலே இல்ல'ன்னு சொல்லி வெச்ச. இந்தத் தடவையாவது வாயை மூடிக்கிட்டுத் துன்னுட்டு வா" என்றீர்கள். வாயை மூடிக்கிட்டு எப்படித் துன்றதுன்னு கேக்கறதுக்குள்ள போனை வெச்சுட்டீங்க. ஆனாலும் மாதா மேல சத்தியம் பண்ணிட்டுத்தான் போனேன். ஏன்னா ரோஸ்லின் கிளம்பறதுக்கு முன்னால தலையை மூணு தரம் அவுத்துப் பின்னினா. பையனை அவளுக்குப் பிடிச்சுப்போச்சுன்னு அதுலயே தெரிஞ்சுடுச்சு. இது கெட்டா எம்பொண்ணு மூஞ்சில நான் முழிக்க முடியாது.

உள்ள போய் உக்காந்ததும் உக்காராததுமா பையனோட அப்பா இன்பராஜ் சோபாவைத் தட்டினார். "சம்மந்தி, ஒரிஜினல் லெதர்! பெங்களூர்லருந்து வரவழச்சது" அப்படின்னார். நான் ஷூ கம்பெனில முப்பத்திரண்டு வருஷம் தோலு செக்கிங் பண்ணவன். கையை வெச்சதுமே தெரிஞ்சுடுச்சு, தோலே இல்ல, வெறும் ரெக்சின்னு. வாயைத் தெறக்கல அக்கா! பல்லைக் கடிச்சுக்கிட்டு "ரொம்ப நல்லாருக்குதுங்க"ன்னேன். மொதல்ல செவப்பா ஒரு முட்டைக்கோசு வந்தது. மெர்சி ரகசியம் பேசறதா நெனச்சுக்கிட்டு "இன்னாங்க, ஊசிப்போயிருக்குது"ன்னா, நாலு மேசைக்குக் கேட்டுச்சு. அது கொரியா ஊர் ஊறுகாயாம், பையன் பொறுமையா எடுத்துச் சொன்னான். அப்புறம் நம்ம சீரகசம்பா பிரியாணியவே கறுப்பா ஏதோ கடல்பாசித் தாள்ல சுருட்டி, துண்டு துண்டா வெட்டி வெச்சாங்க. "பிரியாணிக்கு எதுக்குங்க பேன்ட் போட்டிருக்காங்க?"ன்னு மெர்சி. நான் ஒரு தாளைப் பிரிச்சு, மடிச்சு, வெளிச்சத்துல தூக்கிப் பாத்தேன், பழக்கதோஷம். அப்பவும் வாயைத் தெறக்கல. ஆம்பூர்ல கத்திரிக்கா பச்சடி இல்லாம பிரியாணி வெக்கறதுக்கு நெஞ்சுல தில்லு வேணும். ஆனா சும்மா சொல்லக்கூடாது, ருசின்னா ருசி. பதினோரு துண்டு துன்னேன்.

வெனை எங்க வந்ததுன்னா, வாயில அடச்சு வெச்சதெல்லாம் கை வழியா எறங்கிடுச்சு. உனக்குத்தான் தெரியுமே, தோல்ல குத்தம் இருந்தா சில்வர் பேனாவால வட்டம் போடுவோம், தேறாத பீசுன்னா பெருசா ஒரு பெருக்கல் குறி. ரிடையர் ஆயிட்டேன், ஆனா பேனா இன்னும் ரிடையர் ஆவல, சட்டைப் பையிலயே குந்திக்கினு இருக்குது. வலது கை துன்னுக்கிட்டு இருக்க, எடது கை எப்ப அதை எடுத்துச்சோ, பக்கத்துல காலியா இருந்த எடத்துல, சோபா முதுகுல ஒரு சாண் நீளத்துக்குப் பெருக்கல் போட்டு வெச்சிருக்குது. எனக்கே தெரியாது! பரிமாறி முடிச்சுட்டு பையன் வெள்ளைச் சட்டையோட அங்கதான் வந்து நல்லா சாஞ்சு உக்காந்தான். ஐஸ்கிரீம் எடுத்தார எழுந்து திரும்பினான் பாரு, முதுகு பூரா சில்வர் கலர்ல பெருக்கல் குறி.

ஆம்பூர்ல பொறந்தவனுக்கு அதுக்கு அர்த்தம் தெரியாம இருக்குமா? இன்பராஜ் மூஞ்சி செத்துப்போச்சு. "இன்னா சம்மந்தி இது? எம்புள்ளைய ரிஜெக்ட் பண்றதா இருந்தா மூஞ்சியப் பாத்து சொல்லணும், முதுகுல எழுதறதா?"ன்னார். மெர்சி என் தொடையைக் கிள்ளினா. ரோஸ்லின் கண்ணுல தண்ணி கோத்துக்கிச்சு. சோபாவைச் சொன்னா அவங்க மானம் போவும், சொல்லலைன்னா எம்பொண்ணு வாழ்க்கை போவும். பேஜார்தான் போ! சத்தியத்தைக் காத்துல விட்டுட்டு எழுந்து நின்னு கத்திட்டேன். "பையன் ஏ கிரேடுங்க! சோபாதான் ரெக்சின்!"

ஓட்டல் மொத்தமும் திரும்பிப் பாத்துது. கிளமென்ட் சட்டையை முன்னால இழுத்து, கழுத்தைத் திருப்பி அந்தக் குறியைப் பாத்தான். அப்புறம் சிரிச்சான் பாரு, அப்படி ஒரு சிரிப்பு! நம்ம ரோஸ்லினும் இப்ப செக்கிங்லதானே இருக்கா. எழுந்து வந்து என் கையிலருந்து பேனாவைப் புடுங்கினா. பாஸ் ஆன பீசுக்குப் போடறாப்பல அவன் சட்டைப் பை மேல ஒரு டிக் போட்டு, கீழ கையெழுத்தும் போட்டா. இன்பராஜ் கண்ணாடி கீழ விழற அளவுக்குச் சிரிச்சார். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு அக்கா. ஊறுகா காரம்னு சொல்லிட்டேன்.

ஆகவே தங்கள் கட்டளையை மீறினாலும் காரியம் ஜெயம் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். முப்பத்திரண்டு வருஷ அனுபவக் கண் பொய் சொல்லாது என்பதையும் தாங்கள் இனியாவது ஒத்துக்கொள்ள வேண்டும். மாமாவுக்கு என் வணக்கம். மாதா தங்கள் வீட்டையும் காட்டையும் காப்பாளாக.

தங்கள் அன்புத் தம்பி,
சூ. சூசைராஜ்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போனேன், இன்பராஜ் போன் பண்ணிட்டார். பெங்களூர்க்காரனோட சண்டைக்குப் போறதுக்கு முன்னால, தோல் வியாபாரி குர்ஷித் பாயைக் கூட்டியாந்து, சோபா அடியில துளியூண்டு அறுத்துக் கொளுத்திப் பாத்தாராம். முடி தீயற நாத்தம் அடிச்சுதாம். அசல் தோலு அக்கா, அதுவும் முதல் தரம். அப்படிப் பாத்தா அந்த வாணியம்பாடிக்காரர் செருப்பும்... சரி, அதை விடு. என் கண்ணை இனிமே நம்பாத. ஆனா பையனைப் பாஸ் பண்ணின கையெழுத்து என்னுது இல்ல, ரோஸ்லினுது. நீ தைரியமா நாள் குறி.