கழுதை இல்லாத பாலம்

பிள்ளைகளின் அறிவு வளர்ந்தாக வேண்டும் என்று கல்வித் துறைக்கு ஒருநாள் தோன்றிவிட்டது. தோன்றினால் துறை சும்மா இருக்குமா? சுற்றறிக்கை போட்டது. "மாணாக்கர் இனிக் கதையைப் படித்தால் மட்டும் போதாது. கதையில் வரும் ஒருவராகவே மாறி, அவர் கண்ணால் பார்த்து, அவர் வாயால் பேசி எழுத வேண்டும். மேற்படி மாறுதல் ஆண்டு விழாவுக்குள் நடந்து முடிந்திருக்க வேண்டும்."

நாலாம் வகுப்பு டீச்சருக்கு அதைப் படித்ததும் உண்மையிலேயே சந்தோஷம். பாவம், வேலைக்கு வந்து ரொம்ப நாள் ஆகவில்லை.

பாடப் புத்தகத்தில் இருந்தது சின்னக் கதை. ராஜா ஆற்றின் குறுக்கே பாலம் கட்டச் சொன்னார். மந்திரி இடம் பார்த்தார். கழுதை கல் சுமந்தது. பாலம் முடிந்ததும் ராஜா அதன்மேல் நடந்து போனார். அவ்வளவுதான்.

"யார் யாரா எழுதப் போறீங்க?" என்றார் டீச்சர்.

வகுப்பு மொத்தமும் ராஜா.

"எல்லாரும் ராஜான்னா எப்படிப்பா? உங்க பேச்சைக் கேக்கறதுக்கு ஒரு ஆளாவது வேண்டாமா?" என்று சொல்லிச் சீட்டுக் குலுக்கிப் போட்டார். கழுதை, முன் பெஞ்சுப் பெண் ஒருத்திக்கு விழுந்தது. அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் புத்தகப் பையை முதுகில் ஏற்றிக் குனிந்து குனிந்து நடந்து பார்த்துக்கொண்டே போனாள்.

அவள் கல்வி அதிகாரியின் மகள். சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். 'சர்க்குலர் சார்' என்றால் அந்தப் பக்கத்தில் எல்லா ஆசிரியருக்கும் தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது.

மறுநாள் காலையில் தலைமை ஆசிரியர் அறையிலிருந்து டீச்சருக்கு அழைப்பு. உள்ளே அதிகாரி, பக்கத்தில் அவர் மனைவி.

"என் பொண்ணு கழுதையா?"

"சார், உங்க சர்க்குலர்படிதான்..."

"சர்க்குலர் ஊர்ப் பிள்ளைங்களுக்கும்மா!"

மனைவி மெதுவாக, "தினம் காலையில நீங்க அவள எழுப்பறதே அப்படிச் சொல்லித்தானேங்க?" என்றார்.

"அது அப்பா சொல்றது. இது அரசாங்கம் சொல்றது. ரெண்டும் ஒண்ணா?"

"ரொம்ப வித்தியாசம் இருக்குங்க," என்றார் தலைமை ஆசிரியர். எந்தப் பக்கம் காற்றடித்தாலும் தலையாட்டிப் பழகின மனிதர்.

"வேற பிள்ளைக்கு மாத்திக் குடுத்துடறேன் சார்," என்றார் டீச்சர்.

"குடுத்தா? அந்தப் பிள்ளையோட அப்பா மனு எழுதிட்டு என் வாசல்ல நிப்பார். கழுதையே கூடாது. விழாவுல ஒரு காது தெரிஞ்சாலும் உங்களுக்கு மலைப் பள்ளிக்கூடம்தான். நிர்வாக நலன் கருதி!"

மலைப் பள்ளிக்கூடத்துக்குப் பாதி வழிதான் பஸ் போகும். மீதி வழி கால் போகவேண்டும். டீச்சர் வீட்டிலோ இன்னும் பால் மறக்காத கைக்குழந்தை. 

கதையைத் திருத்தக் குழு கூடியது. முதல் காரியமாகக் கழுதையைக் குதிரையாக்கினார்கள். குதிரையைக் கல் சுமக்கச் சொல்வது மரியாதையா என்று ஒரு உறுப்பினர் கேட்டார். உடனே குதிரைக்குப் பதவி உயர்வு தந்து உதவி மந்திரியாக்கினார்கள். உதவி மந்திரி கல் சுமப்பது விதிகளுக்கு ஒவ்வாது. எனவே கல் சுமப்பதை அவர் மேற்பார்வையிட்டார் என்று எழுதிக்கொண்டார்கள்.

"அப்போ சுமக்கறது யாருங்க?" என்று டீச்சர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் கேட்டுவிட்டார்.

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "கல்லு எதுக்கும்மா?"

"பாலம் கட்ட."

"பாலம் எதுக்கு?"

"ராஜா நடந்து போக."

"ராஜா ஏன் நடக்கணும்? திறந்து வச்சாப் போதாதா?"

 கல் போயிற்று. கல் போனதால் பாலமும் போயிற்று. திறப்பு விழா மட்டும் மிஞ்சியது. மிச்சமான இடத்தில் ராஜாக்களைப் போட்டு, ஆளுக்கொரு ராஜா என்று கணக்கை நேர் செய்தார்கள்.

பெற்றோருக்குப் பரம திருப்தி. கடைகளில் தங்கக் காகிதம் கிடைக்கவில்லை. தையல்காரர் ராத்தூக்கம் இல்லாமல் அங்கி தைத்தார். தெருமுனையில் ஒருவர் 'ராஜா பார்வை ஒரே மாதத்தில்' என்று போர்டு மாட்டி டியூஷன் ஆரம்பித்தார். "எங்க வீட்டு ராஜா கொஞ்சம் சீனியர்ங்க, முன் வரிசையில நிறுத்துங்க" என்று அம்மாக்கள் டீச்சரிடம் காதோடு சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதிகாரியின் மகள் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

"டீச்சர், நான் எழுதினது பாதியில நிக்குது. கல்லு இன்னும் முதுகுலயே இருக்கு."

"இறக்கி வச்சுடும்மா. கதையிலதான் கல்லே இல்லையே."

"அப்போ முதுகுல இருக்கறது என்ன டீச்சர்?"

"மணி அடிச்சாச்சு, ஓடு ஓடு," என்றார் டீச்சர். மணி அடிக்கவில்லை.

விழா நாளும் வந்தது. கூடத்தைக் கழுவுவதற்காக நாற்காலிகளையெல்லாம் மாடியில் ஏற்றி வைத்திருந்தார்கள். இறக்க மறந்துபோயிற்று. துறை இயக்குநர் மனைவியோடு வந்து நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

அதிகாரி தலைமை ஆசிரியரைப் பார்த்தார். தலைமை ஆசிரியர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் பிள்ளைகளிடம் ஓடினார்.

"கண்ணுங்களா, மேல போய் ஆளுக்கொரு நாற்காலி எடுத்துட்டு வாங்க."

ஒரு ராஜா கிரீடத்தைச் சரிசெய்துகொண்டான். "உத்தரவு போட்டாச்சு டீச்சர்."

"நானும் போட்டுட்டேன்," என்றான் இன்னொரு ராஜா.

எல்லா ராஜாக்களும் போட்டுவிட்டார்கள். நாற்காலிதான் வரவில்லை. டீச்சர் பெற்றோர் பக்கம் திரும்பினார். "ராஜாவோட அப்பா நாற்காலி தூக்கினா நல்லாவா இருக்கும்?" என்று ஒருவர் நியாயத்தைக் கேட்டார். தலைமை ஆசிரியருக்குத் திடீரென்று இடுப்புப் பிடித்துக்கொண்டது.

இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அதிகாரியைப் பார்த்தார். அந்த ஒரு பார்வை போதாதா? அதிகாரி இரண்டு இரண்டு படியாக மாடி ஏறினார்.

கை வைத்த பெரிய மர நாற்காலி. குனிந்து முதுகில் வாங்கிக்கொண்டார். பின்னாலேயே ஏறிவந்த டீச்சர் நாற்காலியின் பின்னங்கால் இரண்டையும் பிடித்துக்கொண்டார். பாதிப் படியில் மகள் வழிமறித்தாள். கிரீடம் அக்குளில், பென்சில் கையில்.

"அப்பா, கொஞ்சம் நில்லுங்க. பாரம் மொதல்ல எங்க தெரியுது? கழுத்துலயா, முட்டியிலயா?"

"வழிய விடு, கழுதை!"

"சொல்லுங்கப்பா."

"ரெண்டுலயும்தான்... எழுதிக்கோ."

"மனசுல என்ன ஓடுது?"

"எப்போடா இறக்குவோம்னு ஓடுது."

"டீச்சர், உங்களுக்கு?"

"மலைக்கு ஆர்டர் வந்துடுமோன்னு," என்று டீச்சருக்கு வாய் தவறி வந்துவிட்டது.

நாற்காலிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "அந்த ஆர்டரைப் போடவே மாட்டேன் டீச்சர்."

"ரொம்ப நன்றி சார்!"

"நன்றி இருக்கட்டும். நீங்க மலைக்குப் போயிட்டா இந்தப் பின்பக்கத்த யாரு பிடிக்கறது? கெட்டியாப் பிடிங்க, சாயுது!"

இயக்குநர் உட்கார்ந்தார். அவர் மனைவி இன்னும் நிற்பதைப் பார்த்து அதிகாரியும் டீச்சரும் மறுபடி மாடிக்கு ஓடினார்கள். இரண்டாவது நாற்காலியோடு இறங்கும்போது கீழே இயக்குநரின் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

"சுமப்பவர் என்று ஒருவருமே இல்லாத ஒரு கதையை இந்தப் பள்ளி படைத்திருக்கிறது! இனி எல்லாப் பள்ளிகளுக்கும் இதுவே பாடம்!"

கால் கடுக்க நின்ற பெற்றோரும், பக்கத்தில் நின்ற ராஜாக்களும் கூடமே அதிரக் கை தட்டினார்கள்.

"நமக்கா தட்டறாங்க டீச்சர்?" என்றார் அதிகாரி, தலையைத் தூக்க முடியாமல்.

"தெரியல சார். ரெண்டு கையும் இதுல மாட்டிக்கிச்சு. இல்லைன்னா நானும் தட்டியிருப்பேன்."