நேரத்துக்கு முடித்த முள்ளெலியும் வராத தச்சன் பத்தும்

ஒரு காட்டில் ஆறு இருந்தது, ஆற்றங்கரையில் முந்நூற்றுப் பன்னிரண்டு வளைகள் இருந்தன, சிங்கராஜாவும் இருந்தார். சிக்னல் மட்டும் இல்லை. சிக்னல் வேண்டுமென்றால் கரடிப்பாறை உச்சிக்கு ஏற வேண்டும். இதை முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

போன ஐப்பசியில் ஆறு பெருகி வந்தபோது வளைகளில் தூங்கிக்கொண்டிருந்த பல பிராணிகள் வெள்ளத்தோடு போய்விட்டன. மாசானம் என்ற முள்ளெலியின் அண்ணனும் அவற்றில் ஒன்று. சிங்கராஜா வருத்தப்பட்டு, கூட்டம் கூட்டி ஓர் ஆணை போட்டார். அடுத்த மழைக்குள் ஒரு புரோகிராம் எழுத வேண்டும். ஆற்றில் தண்ணீர் ஏறினால் ஒவ்வொரு வளையிலும் மணி அடிக்க வேண்டும். திட்டத் தலைவராக ஓணான் கோதண்டத்தை நியமித்தார். கூட்டம் முடியும்வரை நிறுத்தாமல் தலையாட்டியது அது ஒன்றுதான்.

"எழுதப்போவது யார்?" என்று ராஜா கேட்டதும் எல்லாம் தரையைப் பார்த்தன. அண்ணன் நினைவில் மாசானம் மட்டும் "நான் எழுதுறேன்" என்றது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்பார்களே, அதுதான் நடந்தது.

அந்தக் காட்டில் புரோகிராம் எழுத ஒரே ஒரு கருவிதான் உண்டு. தச்சன் என்று பெயர். அக்கரை மரங்கொத்தி தயாரித்தது. அப்போது புழக்கத்தில் இருந்தது அதன் ஒன்பதாம் பதிப்பு, தச்சன் ஒன்பது. எழுதியதைச் சேமிக்கப் போனால் அது "நிச்சயமாகவா?" என்று கேட்கும். ஆமாம் என்றால் மூடிக்கொள்ளும். இல்லை என்றாலும் மூடிக்கொள்ளும். திரும்பத் திறந்தால் எழுதியது சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது.

"இதெல்லாம் தச்சன் பத்தில் சரியாகிவிடும். பொங்கலுக்கு வருகிறது" என்று மரங்கொத்தி அறிவித்தது.

தை பிறந்தது, வழிதான் பிறக்கவில்லை. பங்குனியில் வரும் என்றார்கள். பங்குனியில் சோதனை நடந்தது. சித்திரை வெயிலில் சர்வர் சூடாகிவிட்டது. ஆடியில் நல்ல காரியம் எதையும் தொடங்கக் கூடாது என்று மரங்கொத்தியின் மாமியார் சொல்லிவிட்டாள். ஆவணியில் எல்லாம் தயார், ஆனால் பொத்தான்களின் பச்சை நிறம் கிளிக்குப் பிடிக்கவில்லை.

காட்டில் ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. "பத்து வரட்டும், பாத்துக்கலாம்" என்பதுதான் எல்லார் வாயிலும் காலை வணக்கம். மாசானம் மட்டும் ஒன்பதையே வைத்து மாரடித்தது. அது தின்றுவிடும் என்று பயந்து ஒவ்வொரு வரியையும் முதலில் பனையோலையில் எழுதிக்கொண்டு, பிறகு தட்டச்சு செய்தது. ஏழு தடவை முழுசாக அழிந்தது. எட்டாவது தடவையும் ஓலையைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

ஓணான் மேற்பார்வைக்கு வந்தது. "என்னவே மாசானம், இன்னுமா ஒன்பதுல எழுதுதீரு?"

"மழை வரும்லா அண்ணாச்சி."

"பத்து வந்துட்டா ஒன்பதுல எழுதுனது ஓடாதுன்னு சொல்லுதாங்க. எதுக்கு வீணா உசுர விடுதீரு? சும்மா இரும்."

"பத்துக்கு முன்னால தண்ணி வந்துட்டா?"

ஓணான் தலையாட்டியது. அது ஆமாம் என்பதா, இல்லை என்பதா என்று மாசானத்துக்கு விளங்கவில்லை. ஓணானுக்கும் விளங்கியிருக்காது.

புரட்டாசி கடைசியில் புரோகிராம் முடிந்தது. மாசானம் வேர்களுக்கிடையே கம்பி இழுத்து, வளைக்கொரு மணி கட்டி, ஆற்றோரத்து அளவுகோலில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப் பார்த்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு மணிகளும் ஒன்றாக அடித்தன. மத்தியானத் தூக்கம் கெட்டதென்று முந்நூற்றுப் பதினோரு வளைகளிலிருந்து வசவு வந்தது. மாசானம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போன வருஷமே இந்தச் சத்தம் இருந்திருந்தால் அண்ணன் எழுந்து ஓடியிருக்கும் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் அழுதது.

ஐப்பசி பிறந்ததும் மரங்கொத்தியின் அறிவிப்பு வந்தது. "தச்சன் பத்து நாளைக் காலை! கரடிப்பாறையில் வந்து இறக்கிக்கொள்ளலாம். ஆளுக்கு ஒன்று. கல், பை, செருப்பு வைத்து இடம் பிடித்தால் செல்லாது. ஆளே நிற்க வேண்டும்."

காடே கிளம்பியது. புரோகிராம் என்றால் என்னவென்றே தெரியாத பெருச்சாளிகள்கூடப் புளியோதரை கட்டிக்கொண்டு கிளம்பின. ஆளுக்கு ஒன்று என்றால் குட்டிக்கும் ஒன்று உண்டல்லவா? நாளைக்குப் பெரியவனானால் உதவும் என்று முயல்கள் கண் திறக்காத குட்டிகளையும் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் நின்றன.

மாசானத்தின் மனைவி பேச்சியம்மாளும் மூன்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "எங்களுக்கு நாலு. நீங்களும் வந்தா அஞ்சு."

"எல்லாரும் போயிட்டா மணியை யாரு பாத்துக்கிடுறது?"

"உங்களத் தவிர இந்தக் காட்டுல எல்லாரும் பொழைக்கத் தெரிஞ்சவங்க" என்று சொல்லிவிட்டு அவள் பாறைக்கு ஏறினாள்.

மறுநாள் காலை "நாளைக் காலை" என்று செய்தி வந்தது. அதற்கு மறுநாளும் அதுவே வந்தது. புளியோதரை தீர்ந்தது. ஆனாலும் ஒருவரும் இறங்கவில்லை. இறங்கினால் இடம் போய்விடும். பக்கத்தில் நிற்பவர் வாங்கி நாம் வாங்காமல் போனால் அதைவிடக் கேவலம் உண்டா?

நான்காம் நாள் உச்சிப் பொழுது. காட்டில் ஒரு சொட்டு மழையில்லை. மலையில் கொட்டிய மழை ஆற்றில் சுவர்போல் இறங்கி வந்தது. மாசானத்தின் புரோகிராம் ஒரு நொடிகூடத் தவறவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு மணிகளும் கணகணவென்று அடித்தன.

கேட்க ஒருவரும் இல்லை.

எல்லாம் பாறையில் நிற்கின்றன என்று மாசானத்துக்குத் தெரியும். ஆனாலும் கிழடு கட்டை ஏதாவது தங்கியிருந்தால் என்ன செய்வது என்று மனசு கேட்கவில்லை. வளை வளையாகத் தலையை நீட்டி "தண்ணி வருது, ஓடுங்க!" என்று கத்திக்கொண்டே போனது. கடைசி வளையிலிருந்து தலையை எடுப்பதற்குள் வெள்ளம் அதைத் தூக்கிக்கொண்டது. கையில் அகப்பட்ட வாழைத்தண்டைக் கட்டிக்கொண்டு, உருண்டு புரண்டு, கரடிப்பாறை அடிவாரத்தில் ஒதுங்கியது.

தட்டுத்தடுமாறி மேலே ஏறியது. பெண்டாட்டியும் பிள்ளைகளும் ஈரம்படாமல் நிற்பதைப் பார்த்ததும் அதற்கு அழுகை பீறிட்டது. "மணி அடிச்சுது! எல்லா மணியும் அடிச்சுது!" என்று விம்மியது.

"அடிச்சா அடிக்கட்டும். நடுவுல நுழையாதேயும், கடைசில போயி நில்லும்" என்றது பின்னால் நின்ற பெருச்சாளி.

அந்த நேரத்தில் எல்லார் போனும் கீச்சிட்டன. "தவிர்க்க முடியாத காரணங்களால் தச்சன் பத்து தைக்கு ஒத்திவைக்கப்படுகிறது. பொறுமைக்கு நன்றி."

அக்கரை மரங்கொத்தியைத் திட்டுவதற்காக எல்லாம் ஆற்றுப் பக்கம் திரும்பின. வளைகள் இருந்த இடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் திட்டவில்லை.

வெள்ளம் வடிந்ததும் சிங்கராஜா விசாரணை வைத்தார்.

"மணியால் பிழைத்தவர் எத்தனை பேர்?"

"ஒருத்தரும் இல்ல ராஜா. மாசானமே வாழைத்தண்டாலதான் பொழைச்சுது" என்றது ஓணான்.

"தாமதத்தால் பிழைத்தவர்?"

"மத்த எல்லாரும்."

மரங்கொத்திக்கு உயிர்காத்த உத்தமர் என்ற பட்டம் கிடைத்தது. ஒரு வருஷமாக எதையும் செய்யாமல் கட்டிக்காத்த ஓணானுக்கு மாலை விழுந்தது. மாசானத்துக்கும் ஓர் ஓலை வந்தது: "அனைவரும் பாறையில் இருந்தபோது நீர் மட்டும் வளையில் என்ன செய்துகொண்டிருந்தீர்? மூன்று நாளுக்குள் விளக்கம் தருக."

இனி ஆண்டுதோறும் மழைக்கு முன்னால் மரங்கொத்தி ஒரு புதிய தச்சனை அறிவிக்க வேண்டும், மழை முடியும்வரை வெளியிடக் கூடாது என்று சட்டம் வந்தது. அறிவிப்பையும் தாமதத்துக்கான சாக்கையும் எழுதும் வேலை மாசானத்திடம் வந்தது. ஓலையில் எழுதிப் பழகிய கை அல்லவா? மாசானம் தை மாதமே எழுதி முடித்து ஓணானிடம் கொண்டுபோய் நீட்டியது.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஓணானின் தலை ஆடாமல் நின்றது. "தாமத அறிவிப்பை ஒன்பது மாசம் முன்னாலயே முடிச்சா எப்படிவே வெளங்கும்? உமக்குப் பட்டும் புத்தி வரலையே!"

மாசானம் வளைக்குத் திரும்பியது. வெள்ளத்தில் மண்ணேறிக் கிடந்த மணிகளைக் கழுவி, ஒவ்வொன்றாகத் திரும்பக் கட்டத் தொடங்கியது. என்றைக்காவது ஒரு வருஷம் மரங்கொத்தி சொன்ன தேதிக்கு முடித்துவிட்டு, எல்லாரும் பாறையிலிருந்து வளைக்கு இறங்கிவிட்டால் என்ன ஆவது என்ற பயம் அதற்கு.

நீதி: ஊர் பிழைக்க வேண்டுமானால் வேலையை நேரத்துக்கு முடிக்காதே, முடித்தே தீருவேன் என்றால் முதலில் நீச்சல் கற்றுக்கொள்.