காகம் கலைச்ச ட்ரோனும் சுவிஸ் பாஸ்போட்டும்

போன கிழமை எனக்கு இருந்தது ஒரேயொரு வேலை. அரியாலையிலை மாமி வீட்டுக் கூரையிலை இருக்கிற தண்ணித் தாங்கி ஒழுகுதோ எண்டு ஏறிப் பாக்க வேணும்.

அவ்வளவுதான். ஏணி சுவரோடை சாத்திக் கிடக்கு. ஏறிப் பாத்திட்டு இறங்கினால், ஊத்தி வைச்ச தேத்தண்ணி ஆற முந்தி அலுவல் முடிஞ்சிடும்.

ஆனால் நான் ஆர்? சுவிஸ் மாப்பிள்ளை! ஏணியிலை ஏறுவனோ?

புதுசாச் சேந்த ஆக்களுக்குச் சொல்லுறன். நான் பேர்ண் நகரத்திலை ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையிலை உருளைக்கிழங்கு அவிக்கிறனான். மிச்ச நேரத்திலை இந்தப் பக்கத்திலை வீடியோ போடுறனான். என்னைப் பின்தொடருற உங்களிலை பாதிப் பேர் என்ரை சொந்தக்காரர். மிச்சப் பாதி என்னோடை கோவத்திலை இருக்கிற சொந்தக்காரர்.

"தம்பி, ஏணியை நான் பிடிக்கிறன், ஏறும்" எண்டு மாமி சொன்னா.

"மாமி, இந்தக் காலத்திலை ஆரும் ஏணியிலை ஏறுறேல்லை" எண்டு சொல்லிப்போட்டு, உள்ளுக்கை போய் ட்ரோனை எடுத்துக்கொண்டு வந்தன்.

உண்மையைச் சொன்னால், எனக்கு உயரம் பயம். ரெண்டாவது படியிலை முழங்கால் ஆடத் துவங்கிடும். அதை மாமிக்குச் சொல்லலாமோ? தொழில்நுட்பம் எண்டு சொன்னால் மரியாதையா இருக்குமெல்லே!

என்ரை மனிசி சுதா சமையலை விட்டிட்டுக் குசினி யன்னலுக்குள்ளாலை எட்டிப் பாத்தா. "இஞ்சருங்கோ, உதை இஞ்சை பறக்க விடலாமோ? அனுமதி ஏதும் வேணுமெண்டு கேள்விப்பட்டனான்."

"சுதா, இது சொந்த ஊர். சொந்த வளவு. சொந்தக் கூரை. ஆரிட்டை அனுமதி?"

இதைச் சொன்ன ஆள் ஆரெண்டு நினைக்கிறியள்? பேர்ணிலை ஞாயித்துக்கிழமை சத்தம் போடக்கூடாதெண்டு வெறும் போத்தலைக் கொண்டுபோய்த் தொட்டியிலை போடுறதுக்குக்கூடப் பயப்பிடுற ஆள். இரவிலை சத்தம் வருமெண்டு குளிக்காமல் படுக்கிற ஆள். தெரு வெறிச்சோடிக் கிடந்தாலும் சிவப்பு லைற்றுக்கு முன்னாலை மரம் மாதிரி நிக்கிற ஆள். அந்த நாட்டுச் சட்டம் முழுக்க எனக்குப் பாடம். விமானத்தாலை இறங்கின உடனை, சட்டம் எண்ட ஒண்டு இருக்கிறதையே கடையிலை குடை மறந்த மாதிரி மறந்திட்டன்.

ட்ரோன் எழும்பிச்சுது. வடிவா எழும்பிச்சுது. மாமி கையெடுத்துக் கும்பிட்டா. எனக்குப் பெருமை தாங்கேல்லை.

கூரைக்குப் பக்கத்திலை ஒரு வேப்பமரம் நிக்குது. வேப்பமரத்திலை காகம் கூடு கட்டி வைச்சிருக்கு. அதை நான் பாக்கேல்லை. ஆனால் காகம் என்ரை ட்ரோனைப் பாத்திட்டுது.

முதல்லை ஒண்டு வந்துது. பிறகு அது கத்தின சத்தத்துக்கு அரியாலையிலை இருக்கிற அத்தினை காகமும் வந்துது! ஒண்டு கொத்துது, ஒண்டு செட்டையாலை அடிக்குது. நான் பதறிப்போய் இடப்பக்கம் திருப்ப வேண்டியதை வலப்பக்கம் திருப்பினன். ட்ரோன் கூரையை விட்டிட்டுக் கடற்கரைப் பக்கம் ஓடுது. காகம் பின்னாலை கலைச்சுக்கொண்டு போகுது. நான் வேலிக்கு இஞ்சாலை நிண்டு "வா! வா! திரும்பி வா!" எண்டு கத்துறன். நாயைக் கூப்பிடுற மாதிரி.

போன் திரையிலை பாத்தன். கீழை பச்சைத் தகரக் கூரை தெரியுது. ஒரு காவல் கோபுரம் தெரியுது. பிறகு உடுப்புக் காயுற கொடி. கொடியிலை வரிசையா ஆமி உடுப்பு.

கடைசியா ஒரு முகம். அரைவாசி சவர்க்கார நுரை, அரைவாசி சவரம் செய்தது. கமராவுக்குள்ளை உத்துப் பாக்குது.

அதோடை படம் நிண்டிட்டுது.

ரெண்டு தெரு தள்ளி ஒரு ஆமி முகாம் இருக்கிறது எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் அதுக்கு முன்னாலைதான் போய்ப் பேக்கரியிலை பாண் வாங்குறனான்.

"போனது போகட்டும் தம்பி, பேசாமல் இரும்" எண்டு மாமி சொன்னா.

நான் இருப்பனோ? "மாமி, நேர்மையாப் போய்க் கேட்டால் நேர்மையாத் தருவினம். ஐரோப்பாவிலை அப்பிடித்தான்."

மதிப்பா இருக்கட்டும் எண்டு சுவிஸ் கொடி போட்ட சிவப்புப் பெனியனைப் போட்டுக்கொண்டு போனன். வாசல்லை நிண்ட ஆமிக்காரன் நெஞ்சிலை இருந்த வெள்ளைச் சிலுவையைப் பாத்திட்டு, "ஆஸ்பத்திரியோ?" எண்டு கேட்டான்.

"இல்லை. ட்ரோன்" எண்டன்.

அவன்ரை முகம் மாறின மாற்றத்தை நான் கவனிச்சிருக்க வேணும். கவனிக்கேல்லை. "கொஞ்சம் நில்லுங்கோ" எண்டிட்டு உள்ளுக்குப் போனான்.

அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ளை நான் செய்த வேலையைச் சொல்ல எனக்கே வெக்கமாக் கிடக்கு. போனை எடுத்தன். கையை நீட்டினன். முகாம் வாசல் வடிவாப் பின்னாலை விழுற மாதிரி நிண்டன். "வணக்கம் உறவுகளே! காகம் கொண்டுபோன எங்கடை ட்ரோனை மீட்க இஞ்சை வந்திருக்கிறம்" எண்டு வீடியோ எடுக்கத் துவங்கினன்.

பக்கத்திலை 'படம் எடுக்கத் தடை' எண்டு மூண்டு மொழியிலை பலகை. அந்தப் பலகையும் வீடியோவிலை தெளிவா விழுந்திருக்கு.

ஒரு கை வந்து மெதுவாப் போனை வாங்கிச்சுது. நிமிந்து பாத்தால் அந்த முகம்! நுரையைத் துடைச்சிருக்கிறார், ஆனால் இன்னும் ஒரு பக்கம்தான் சவரம். அவர் அங்கத்தைய அதிகாரியாம்.

"அண்ணை, அது உங்கட சாமானோ?" எண்டு நிதானமாத் தமிழிலை கேட்டார்.

"ஓம் சேர். என்ரைதான்!" எண்டு சந்தோசமாச் சொன்னன்.

இருக்கக் கதிரை தந்தினம். தேத்தண்ணி தந்தினம். பாத்தீரோ, நேர்மைக்குக் கிடைக்கிற மரியாதையை எண்டு நானே எனக்குச் சொல்லிக்கொண்டன். தேத்தண்ணி குடிச்சு முடியப் பொலிஸ் ஜீப் வந்துது.

பொலிஸ் ஸ்டேசன்லை இருந்த இன்ஸ்பெக்டர் எங்கடை ஆள், தமிழர். நெடுப்பமான மனிசன். சிரிக்கிறதெண்டால் மேலிடத்திலை கேட்டுத்தான் சிரிக்க வேணும் எண்ட மாதிரி முகம்.

"வெளிநாட்டவரோ?"

"சேர், நான் மானிப்பாயிலை பிறந்தனான்! இந்த மண்ணின்ரை பிள்ளை!"

"நல்லது. அடையாள அட்டையைத் தாங்கோ."

"அது... இல்லை சேர். நான் இப்ப சுவிஸ் பிரசை."

"அப்ப வெளிநாட்டவர். பாஸ்போட்?"

"வீட்டை, மாமியின்ரை அலுமாரிக்குள்ளை."

"ட்ரோனுக்கு அனுமதி?"

"சுவிஸிலை பதிஞ்சிருக்கு சேர்! முறைப்படி!"

அவர் பேனையைக் கீழை வைச்சார். "சுவிஸிலை பதிஞ்சது சுவிஸ் வானத்துக்கு. இஞ்சை பறக்க விடுறதெண்டால் இஞ்சை அனுமதி எடுக்க வேணும். வெளிநாட்டவர் எண்டால் பாதுகாப்பு அமைச்சிலையும் கேக்க வேணும். வெளிக்கிட முந்தி ஒருக்கா விசாரிச்சிருக்கலாமே?"

நான் நெஞ்சிலை இருந்த சுவிஸ் கொடியைக் கையாலை மறைச்சன்.

"சரி, என்னத்துக்குப் பறக்க விட்டனியள்?"

"கூரையிலை தண்ணித் தாங்கி பாக்க, சேர்."

"வீட்டிலை ஏணி இல்லையோ?"

"இருக்கு."

ஒரு மூலையிலை ஆரோ இருமிச்சினம். சிரிப்பை அமத்துற இருமல்.

அந்த அவமானத்திலைதான் நான் அடுத்த மடைத்தனத்தைச் செய்தன். கொஞ்சம் பெரிய ஆள் மாதிரிக் காட்டுவம் எண்டு நிமிந்து இருந்து, "சேர், நான் ஒரு ஊடகவியலாளர். சமூக ஊடகத்திலை எனக்கெண்டு ஒரு கூட்டம் இருக்கு" எண்டன்.

இன்ஸ்பெக்டர் திரும்பப் பேனையைத் தூக்கினார்.

"அப்பிடியோ? என்ன விசாவிலை வந்தனியள்?"

"சுற்றுலா விசா."

"சுற்றுலா விசாவிலை வந்து ஊடக வேலை செய்யிறியள். அனுமதியில்லாமல் முகாமுக்கு மேலை கமரா விட்டிருக்கிறியள். பிறகு வாசலையும் படம் எடுத்திருக்கிறியள். நான் எழுதுறது சரிதானே?"

நான் சொன்னது ஒவ்வொண்டும் உண்மை. அவர் அதை வரிசையா வாசிக்கேக்கை எனக்கே என்னிலை சந்தேகம் வந்திட்டுது.

"வழக்குத் தாக்கல் செய்தால் பாஸ்போட் நீதிமன்றத்துக்குப் போகும்" எண்டார். "முடியுமட்டும் நாட்டை விட்டு வெளிக்கிடேலாது. பிறகு திரும்பி வாறதுக்கும் விசா தருவினமோ தெரியாது."

அந்தக் கிழமையே எங்களுக்கு விமானம். போகாட்டில் வேலை போகும். அதை விடுங்கோ. திரும்பி வரேலாமல் போனால்? சுதாவும் பிள்ளையளும் மட்டும் வர, நான் பேர்ணிலை தனிய இருந்து கிழங்கு உரிக்கிறதோ? அம்மா அப்பாவின்ரை கல்லறை மானிப்பாயிலை கிடக்கு. அந்த நேரம் எனக்குச் சிரிப்பு வரேல்லை.

உடனை கடைசி ஆயுதத்தை எடுத்தன். "நான் என்ரை தூதரகத்தோடை கதைக்க வேணும்! அது என்ரை உரிமை!"

"ஓம், உரிமைதான்" எண்டு இன்ஸ்பெக்டர் தொலைபேசியை என்னட்டைத் தள்ளிவிட்டார். இலக்கத்தையும் அவரே தேடித் தந்தார். அதுவே எனக்கு ஒரு மாதிரியாக் கிடந்துது.

தூதரகத்திலை ஒரு அம்மா எடுத்தா. என்ரை உடைஞ்ச ஜேர்மன் மொழியிலை எல்லாத்தையும் சொன்னன். கொமாண்டோவை அனுப்பச் சொல்லிக் கேக்கேல்லை. ஆனால் கொஞ்சம் எதிர்பாத்தனான்.

"அடிச்சவையோ?" எண்டு கேட்டா.

"இல்லை. தேத்தண்ணி தந்தவை."

"மருந்து ஏதும் தேவையோ?"

"இல்லை."

"அப்ப நீங்கள் அந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட வேணும். விரும்பினால் சட்டத்தரணிமாரின்ரை விபரம் அனுப்பிவிடுறன். போக முந்தி எங்கடை பயண அறிவுறுத்தலை வாசிச்சனியளோ? ட்ரோனைப் பற்றி அதிலை கிடக்கு."

"வாசிக்கேல்லை அம்மா. நான் அந்த ஊர்க்காரன்தானே எண்டு..."

அந்தப் பக்கம் ஒரு நீண்ட பெருமூச்சு. என்னைப் போல ஆக்கள் அவவுக்குப் புதுசில்லைப் போலை.

பொலிஸ் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினதாலை, அந்த நேரம் சுதா ஓட்டோவிலை வந்து இறங்கினா. கையிலை என்ரை பாஸ்போட். முகத்திலை அழுகையும் இல்லை, பயமும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக் கிடந்துது.

"தாங்கியை நான் ஏறிப் பாத்திட்டன்" எண்டா என்னட்டை. "உள்ளுக்கை தண்ணியை நிப்பாட்டுற மிதவை பழுது. அவ்வளவுதான்."

பிறகு இன்ஸ்பெக்டரிட்டைத் திரும்பினா. "சேர், இவர் என்ன செய்தவர்?"

"தான் ஒரு ஊடகவியலாளர் எண்டு சொல்லுறார்."

சுதா என்னைப் பாத்தா. திரும்ப அவரைப் பாத்தா. "ஊடகமோ? சேர், உவர் முதியோர் இல்லத்திலை கிழங்கு அவிக்கிறவர். வீடியோ போடுறவர்தான். அதாலை ஒரு சதமும் வாறேல்லை. எங்கடை அம்மாவே முழுசாப் பாக்கிறேல்லை."

"முகாமைப் படம் எடுத்திருக்கிறாரே?"

"ட்ரோன் எடுத்த படத்தை நீங்கள் பாத்தனியளோ?"

பாத்தினம். என்ரை போனை இன்ஸ்பெக்டரின்ரை மேசையிலை வைச்சு ஸ்டேசனே சுத்தி நிண்டு பாத்துது. முதல்லை கனநேரம் என்ரை முகம், வாயைத் திறந்தபடி மேலை பாக்கிறன். பிறகு காகம். காகத்தின்ரை செட்டை. காகத்தின்ரை வாய்க்குள்ளை. பிறகு கண்ணிமைக்கிற நேரம் ஒரு தகரக் கூரை, ஒரு கோபுரம், ஒரு கொடி, ஒரு நுரை முகம். மாமியின்ரை கூரை ஒரு இடத்திலையும் விழேல்லை.

"உளவு பாக்க வந்த ஆள் தன்ரை முகத்தையே இவ்வளவு நேரம் எடுப்பானோ, சேர்?" எண்டு சுதா கேட்டா.

மேலிடத்திலை கேக்காமலே இன்ஸ்பெக்டர் சிரிச்சார். பிறகு தொலைபேசியை எடுத்து முகாம் அதிகாரியோடை கனநேரம் சிங்களத்திலை கதைச்சார். நடுவிலை 'காகம்' எண்ட சொல் மட்டும் தமிழிலை வந்துது. அங்காலையும் சிரிக்கிற சத்தம் கேட்டுது.

முடிவு இதுதான். வழக்கு இல்லை. கடும் எச்சரிக்கை. வாசல் வீடியோவை அவையின்ரை கண்ணுக்கு முன்னாலை அழிக்க வேணும். ட்ரோன் அவையோடை நிக்கும். முறைப்படி அனுமதி எடுத்தால் விண்ணப்பிச்சுக் கேக்கலாம். நான் ஒரு வாக்குமூலத்திலை கையெழுத்து வைச்சிட்டுப் போகலாம்.

எனக்குப் போன உயிர் வந்துது. அதோடை போன திமிரும் வந்துது.

தாளைப் பாத்தன். முழுக்கச் சிங்களம். "சேர், எனக்கு விளங்காத மொழியிலை கையெழுத்து வைக்கமாட்டன். தமிழிலை எழுதித் தாங்கோ!" எண்டன்.

"இண்டைக்கு நீங்கள் கதைச்ச முதல் புத்தியான கதை" எண்டார் இன்ஸ்பெக்டர். "அது உங்கடை உரிமை."

தமிழிலை எழுதினார். ஆறுதலா எழுதினார். பிறகு எழும்பி நிண்டு, ஸ்டேசன் முழுக்கக் கேக்க வாசிச்சார்.

"'இந்நாட்டுச் சட்டங்களை நான் விசாரித்து அறியவில்லை. வீட்டில் ஏணி இருந்தும் ஏறுவதற்குப் பயந்து ட்ரோனைப் பறக்கவிட்டேன். தடைப் பலகைக்கு அருகில் நின்று என்னை நானே படம் பிடித்தேன். நான் ஊடகவியலாளர் அல்லன். எனக்கு விவேகம் சற்றுக் குறைவு.' சரிதானே?"

"சேர், அந்தக் கடைசி வசனம்..." எண்டு இழுத்தன்.

"ஓம் சேர், அதிலை ஒரு பிழை கிடக்கு" எண்டா சுதா.

அப்பாடா, பெண்சாதி எண்டால் இப்பிடியெல்லோ இருக்க வேணும் எண்டு நினைச்சன்.

"'சற்று' எண்டதை வெட்டிவிடுங்கோ."

வெட்டினார். வெட்டின இடத்திலை நான் சின்னக் கையெழுத்து வைச்சன். கீழை பெரிய கையெழுத்து வைச்சன். சாட்சி எண்ட இடத்திலை சுதா வைச்சா, வடிவான எழுத்திலை.

தெரியாத மொழியிலை கையெழுத்து வைக்காதேங்கோ எண்டு எல்லாரும் சொல்லுவினம். தெரிஞ்ச மொழியிலை வைக்கிறதுதான் இன்னும் கூட நோகும்.