ஜெபிச்சுட்டுச் சொல்லுதேன்

"ஜெபிச்சுட்டுச் சொல்லுதேன், தம்பி" என்றார் ஜெயசீலன். விஷயம் அத்தோடு தீர்ந்தது என்றுதான் நினைத்தார்.

ஞாயிறு ஆராதனை முடிந்து சபை வாசலில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எதிரே நின்றவன் டேனியல், புனேயில் மகர்பட்டா பக்கம் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். வருஷாவருஷம் சாத்புடா மலைக் கிராமத்துக்கு ஊழியப் பயணம் போகும் குழுவுக்கு இந்த முறை அவன்தான் தலைவன். மருத்துவ முகாம் உண்டு, பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் உண்டு, வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடும் உண்டு. அந்தச் சமையல் பொறுப்பை ஜெயசீலன் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டான்.

அது அவர் மனைவி பாமாவின் பொறுப்பு. அவள் அடுப்புக்கு முன்னால் நிற்பாள். இவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வெங்காயம் உரிப்பார். போன மழைக்காலத்தில் பாமா போய்விட்டாள். அன்றிலிருந்து லோஹேகாவ் வீட்டில் சமையலறைக் கதவு சாத்தியே கிடந்தது. டப்பாவில் வருகிற சாப்பாட்டை ஹாலில் டிவி முன்னால் உட்கார்ந்து தின்றார். அவள் இல்லாத அடுப்பின் முன் போய் நிற்பதில்லை என்று தீர்மானம். அதையெல்லாம் டீ கப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பையனிடம் சொல்ல முடியுமா? அதனால்தான் அந்த வாக்கியம்.

அந்தச் சபையில் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களுக்கு அதன் பொருள் தெரியும். ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் என்றால் வரமாட்டேன் என்று அர்த்தம். ஆண்டவரை நடுவில் நிறுத்திவிட்டால் கேட்டவருக்கு மனவருத்தம் இல்லை, சொன்னவருக்குப் பாவம் இல்லை. சபையின் மின்விசிறியை மாற்றச் சொல்லி ஜெயசீலன் கேட்டபோது பாஸ்டரும் இதைத்தான் சொன்னார். அது இன்னும் தலைக்கு மேலே கடகடவென்று ஆடிக்கொண்டிருக்கிறது. யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

டேனியல் புனேயில் பிறந்து வளர்ந்தவன். இந்தியில் பொரிந்து தள்ளுவான், தமிழில் தட்டுத்தடுமாறுவான். பாமா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் வேலை முடிந்து வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அவள் அவனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பாள். அதில் அவன் எவ்வளவு தேறினான் என்பது அன்று சாயங்காலமே ஜெயசீலனுக்குத் தெரிந்துவிட்டது.

ஜெயசீலன் அங்கிளுக்கு ஆண்டவர் வழி காட்ட எல்லோரும் ஜெபிக்கவும் என்று சபை வாட்ஸ்அப்பில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் அடித்திருந்தான். அதன் கீழே கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன.

மறுநாள், ஊரின் மறுகோடியில் வாகட் பகுதியிலிருந்து பெண்கள் ஐக்கியத் தலைவி புஷ்பலீலா போன் செய்தார்.

"அண்ணே, ஆண்டவர் பேசினாரா?"

"இன்னும் இல்லம்மா."

உண்மையைத்தான் சொன்னார். வினை அங்கேதான் வந்தது. ஆண்டவர் பேசவில்லை என்றால் ஜெபம் போதவில்லை. ஆகவே சனிக்கிழமை குழு முழுவதும் உபவாசம் இருந்து ஜெபிப்பதென்று முடிவாயிற்று.

தனக்காக ஒரு கூட்டம் பட்டினி கிடக்கப்போகிறது என்றதும் ஜெயசீலன் பதறிப்போய் டேனியலைக் கூப்பிட்டார்.

"முட்டி வலிடே. மலைப்பக்கமெல்லாம் எனக்கு ஒத்துவராது."

"ஓகே அங்கிள். அதுக்கும் ஜெபிக்கலாம். டென்ஷன் நகோ." கவலை வேண்டாம் என்பதை மராத்தியில் சொன்னான்.

அன்று மாலையே புஷ்பலீலா சில பெண்களோடு எண்ணெய்க் குப்பியும் கையுமாக வந்து இறங்கினார். முட்டியில் எண்ணெய் பூசிக் கை வைத்து, கண்ணீரோடு ஜெபித்தார்கள். ஜெயசீலனும் கண்ணை மூடிக்கொண்டார். எந்த முட்டியைக் காட்டினோம் என்பது மறந்துவிடக் கூடாதே என்ற கவலை அவருக்கு.

சத்தம் கேட்டு எதிர்வீட்டுக் கல்யாணசுந்தரம் எட்டிப் பார்த்தார். பாங்க்கில் இருந்து ஓய்வுபெற்றவர். கணக்கு உதைத்தால் பொறுக்கமாட்டார்.

"முட்டி வலியா சார்? லிஃப்ட் வேலை செய்யலைன்னு காலையிலகூட நாம படியேறித்தானே வந்தோம். எனக்கு மூச்சு வாங்கித்து, நீங்க விறுவிறுன்னு முன்னால போனேளே."

மாட்டிக்கொண்டோம் என்று ஜெயசீலன் தலையைக் குனிந்தார். ஆனால் புஷ்பலீலாவின் முகம் பிரகாசித்தது.

"பாத்தீங்களா? நாம ஜெபிக்கதுக்கு முன்னாலயே சுகம் ஆரம்பிச்சிட்டு."

அடுத்த ஆராதனையில் அவர் சாட்சி சொல்ல வேண்டும் என்று அங்கேயே தீர்மானித்துவிட்டுப் போனார்கள்.

வேறு வழியில்லாமல் ஜெயசீலன் மிச்சமிருந்த உண்மையையும் எடுத்து வைத்தார். தனக்கு வெங்காயம் உரிக்கத்தான் தெரியும், சமைக்கத் தெரியாது என்றார். டேனியல் கொஞ்சமும் கலங்கவில்லை. சனிக்கிழமை ஜெபம் முடிந்ததும் எல்லோருக்கும் அவரே உப்புமா கிண்டட்டும், ஒரு ட்ரையல் பார்த்துவிடலாம் என்றான்.

இது ஜெயசீலனுக்குப் பிடித்திருந்தது. வாயில் வைக்க முடியாத ஒன்றைக் கிண்டிப் போட்டால் அவர்களே வேறு ஆளைத் தேடிக்கொள்வார்கள்.

சனிக்கிழமை காலை, சமையலறைக் கதவைத் திறந்தார். பரணிலிருந்து பெரிய அண்டாவை இறக்கினார். உள்ளே பாமாவின் கைப்பிடித் துணி, மஞ்சள் கறையோடு சுருண்டு கிடந்தது. அதை உதறி நான்காக மடித்தார். பிறகு பேண்ட் பையில் போட்டுக்கொண்டார்.

சபையின் பின்புறம் அடுப்பு மூட்டி, தண்ணீர் கொதிக்கையில் உப்புப் போட்டார். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு இன்னொரு கை அள்ளிப் போட்டார். ரவை வெந்ததும் ஒரு விள்ளல் வாயில் வைத்தார். கடல் தண்ணீர் தோற்றது. திருப்தியாக இருந்தது.

விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு ஜெபத்தில் இருந்த கூட்டம் அது என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை. ஆமென் சொன்ன வாயோடு வந்து தட்டை எடுத்தார்கள். பாஸ்டர் இரண்டாம் முறை வந்தார், பிறகு யாரையும் பார்க்காமல் இன்னொரு முறையும் வந்தார். கடைசியில் யாரோ அண்டாவைச் சுரண்டும் சத்தம் கேட்டது.

"அப்படியே பாமாக்கா கைப்பக்குவம்" என்றார் புஷ்பலீலா, ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு. "அக்காவும் உப்புத் தூக்கலாத்தான் போடுவாங்க."

ஜெயசீலன் கரண்டியைக் கீழே வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒருதரம்கூட வாய்திறந்து சொல்லாத சங்கதி அது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. சிரிப்பு வந்தது. சிரிப்போடு நிற்கவும் இல்லை. பையிலிருந்த துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"புகை" என்றார். அடுப்பு எப்போதோ அணைந்திருந்தது.

டேனியல் பக்கத்தில் வந்து நின்றான். "ஆண்டவர் பேசிட்டாரா அங்கிள்?"

"அவரை நீங்க எங்க சும்மா இருக்க விட்டிய?" என்றார் ஜெயசீலன். "உப்பை மட்டும் வேற யாராவது போடுங்க."

புறப்படும் நாள் காலை, வேன் சபை வாசலில் நின்றது. டேனியலின் அறைத்தோழன் ஜான், கிடார் வாசிக்கிற பையன், வேன் கூரைமேல் ஏறி அண்டாவைக் கட்டிக்கொண்டிருந்தான். ஜெயசீலன் கீழே நின்று கயிற்றின் நுனியை எடுத்துக் கொடுத்தார்.

"ஜானு, உன் கூட்டாளிக்குக் கொஞ்சம் தமிழ் சொல்லிக் குடுடே" என்றார். "ஜெபிச்சுட்டுச் சொல்லுதேன்னா என்ன அர்த்தம்னுகூடத் தெரியாம ஒரு சபையவே பட்டினி போட்டுட்டான்."

ஜான் முடிச்சை இறுக்கிவிட்டுக் கீழே பார்த்தான்.

"அவனுக்கு நல்லாத் தெரியும் அங்கிள். ஆஸ்பத்திரியில பாமா ஆன்ட்டி அவனுக்கு மொதல்ல சொல்லிக்குடுத்ததே அதுதான். 'அவரு ஜெபிச்சுட்டுச் சொல்லுதேன்னா வரமாட்டேன்னு அர்த்தம், நீ புரியாத மாதிரியே இருந்து எப்படியாவது கூட்டிட்டுப் போயிரு'ன்னாங்களாம்."