புகழ்ந்தவருக்கே சொந்தம்

வரவேற்பறைக் கதவு பாதிக்குமேல் திறக்க மறுத்தது. அபூ நிப்ராஸ் மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்து பார்த்தார். தலை போயிற்று, ஒரு தோள் போயிற்று. வங்கி மேலாளராக உட்கார்ந்தே ஓய்வுபெற்ற அந்த நடுப்பகுதி மட்டும் வெளியே நின்றுவிட்டது.

"உள்ள போறீங்களா, வெளிய வரீங்களா?" என்று பின்னாலிருந்து கேட்டாள் மகள் லமீஸ்.

"கதவைச் சோதிச்சுக்கிட்டிருக்கேன்."

"கதவு பாஸாயிடுச்சு பாபா. நீங்கதான் மாட்டிக்கிட்டீங்க."

கதவுக்குப் பின்னால் நின்றது அன்று காலை வந்து இறங்கிய கண்ணாடி அலமாரி. வாதுமை மரம், செதுக்கிய திராட்சைக் கொடிகள், மேலே கிரீடம். படிக்கட்டில் ஏறாததால் கயிறு கட்டி பால்கனி வழியாக மூன்றாம் மாடிக்குத் தூக்கியிருந்தார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. அபூ நிப்ராஸ் கீழே நின்று, அம்மான் நகரத்துக்கே திறப்பு விழா நடத்துவதுபோலக் கையசைத்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் வெள்ளிக்கிழமைக்காகத்தான். அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் 'ஜாஹா' வருகிறார்கள். பெரியவர்கள் நாற்பது பேர் வந்து உட்கார்ந்து, கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு, முறைப்படி பெண் கேட்பார்கள். 'கொடுத்தோம், குடியுங்கள்' என்று பெண் வீட்டார் சொன்ன பிறகுதான் கோப்பை உதட்டுக்குப் போகும்.

"ஊரே இதுக்கு மண்டபம் எடுக்குது. நாமளும் எடுத்திடலாமே," என்று மனைவி உம்மு நிப்ராஸ் தொடக்கத்திலேயே சொல்லிப் பார்த்தாள்.

"என் பொண்ணை எவனோ ஒருத்தன் மண்டபத்துல வச்சா கேக்கணும்? என் வீட்டுல, என் வரவேற்பறையில, என் முகத்தைப் பார்த்துக் கேக்கட்டும். நாற்பது பேருக்கு இடமில்லாத வீட்டுல பொண்ணு எடுத்தோம்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லிடக் கூடாது."

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அலங்காரம் தொடங்கியது.

அலங்காரம் அவருக்குத் தெரியாத கலையா என்ன? குடும்ப வாட்ஸப் குழுவில் தினம் காலையில் அவருடைய குரல்பதிவு வரும். "அன்பான உறவுகளே, வீட்டு அலங்காரத்தில் மக்கள் செய்கிற பெரிய தவறு, அளக்காமல் வாங்குவது..." என்று ஆரம்பித்தால் உறவுகள் பல் துலக்கி, தேநீர் போட்டு, பேருந்தும் பிடித்துவிடலாம். யாரும் முழுக்கக் கேட்டதில்லை. எல்லோரும் தவறாமல் ஒரு ரோஜாப்பூ அனுப்பிவிடுவார்கள்.

அவர் அளக்காமலும் வாங்கவில்லை. சுவரை அளந்தார். தரையை அளந்தார். கைப்பிடியில் சிங்கத்தலை வைத்த தங்கமுலாம் சோஃபாக்களை அளந்தார். நடுவில் போடும் பளிங்கு மேசையை அளந்தார். எல்லாம் நூல் பிடித்ததுபோல அடங்கின. மனிதர்களுக்கு முழங்கால் என்று ஒன்று உண்டு என்பதைத்தான் கணக்கில் சேர்க்கவில்லை.

கதவைத் திறக்கவிட வேண்டுமென்பதால் அலமாரியை ஜன்னல் பக்கம் நகர்த்தினார்கள். கதவு திறந்தது, ஜன்னல் மறைந்தது. பட்டப்பகலில் அறை கிணறாகிவிட்டது.

"வெளிச்சத்தைத் திட்டமிடாம விடறது பெரிய தவறு," என்று அபூ நிப்ராஸ் அந்த இருட்டில் நின்றபடியே சொன்னார். மறுநாள் சரவிளக்கு வந்தது. அரண்மனை மண்டபத்துக்குச் செய்தது. இவர்கள் வீட்டுக் கூரையில் மாட்டியதும் மனிதர் நெற்றி உயரத்துக்கு இறங்கி நின்றது. முதலில் இடித்துக்கொண்டவர் அதை மாட்டியவர். அடுத்து, அவருக்கு எங்கே இடித்தது என்று பார்க்கப் போன அபூ நிப்ராஸ்.

"விளக்குக்குக் கீழ யாரும் நடக்காதபடி மேசையை அங்க தள்ளிட்டாப் போச்சு."

தள்ளினார்கள். இப்போது விளக்கு யார் தலையிலும் இடிக்கவில்லை. சோஃபாவுக்கும் யாராலும் போக முடியவில்லை.

கடைசி அஸ்திரமாக ஒரு கண்ணாடி வாங்கினார். சுவர் முழுக்க அடைக்கும் கண்ணாடி. சின்ன அறையையும் பெரிதாகக் காட்டும் என்று அவரே குரல்பதிவில் சொன்னதுதான். மாட்டிவிட்டுப் பார்த்தால் சோஃபா இரட்டிப்பு, மேசை இரட்டிப்பு, சிங்கங்கள் இரட்டிப்பு. நடுவே நெற்றியில் பிளாஸ்திரியோடு இரண்டு அபூ நிப்ராஸ்.

"பாபா, நாற்பது பேரு எங்க உக்காருவாங்க?" என்றாள் லமீஸ். இந்த முறை அவள் குரலில் கிண்டல் இல்லை.

"உக்காருவாங்க."

"எங்க? சிங்கத்து மேலயா?"

"பெரிய மனுஷங்க வந்தா இடம் தானா உண்டாகும்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். அன்று மத்தியானம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு சாமானைத் திருப்பி அனுப்பினால் போதும். 'அளக்கத் தெரியாதவர்' என்று குழு முழுக்கச் சிரிக்கும். அனுப்பாவிட்டால் மகளுடைய ஜாஹா படிக்கட்டில் நிற்கும்.

"தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்," என்று உம்மு நிப்ராஸ் தலைத்துணியைச் சுற்றிக்கொண்டு கிளம்பினாள்.

அடுத்த நாள் மாப்பிள்ளையின் பெரியப்பா அபூ ஷிஹாப் வந்தார். இரும்புக்கடைக்காரர், நல்ல உயரம். சரவிளக்குக்குக் குனிந்து, மேசையைச் சுற்றி ஒருக்களித்து, அலமாரி முன்னால் போய் நின்றார்.

"மாஷா அல்லாஹ்! அபூ நிப்ராஸ், என் வாழ்நாள்ல இப்படி ஒரு அலமாரியைப் பார்த்ததில்லை."

அபூ நிப்ராஸின் மார்பு விரிந்தது. ஒருவர் வீட்டுப் பொருளை விருந்தாளி புகழ்ந்தால் வீட்டுக்காரர் என்ன சொல்ல வேண்டுமோ அதை நிறைந்த குரலில் சொன்னார்: "முகத்தம்!"

உங்கள் முன்னால் வைத்துவிட்டேன், எடுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். யாரும் எடுத்துக்கொள்வதில்லை. 'உடையவரிடம் இருந்தால்தான் அதற்கு அழகு' என்று விருந்தாளி சொல்வார், இருவரும் சிரிப்பார்கள், பொருள் இருந்த இடத்திலேயே இருக்கும். பிறந்ததிலிருந்து அவர் பார்த்த உலகம் அப்படித்தான் நடந்திருக்கிறது.

"ஏத்துக்கிட்டேன்," என்றார் அபூ ஷிஹாப். "அல்லாஹ் உங்களுக்கு இன்னும் நிறையக் கொடுக்கட்டும். கீழ வண்டி நிக்குது."

அபூ நிப்ராஸ் அலமாரியை ஒருமுறை பார்த்தார். உள்ளே ஓடினார்.

"என்னடி இது! அவரு நெஜமாவே எடுத்துக்கறாரு!"

"சொன்னீங்களா?"

"சொல்லுக்குச் சொன்னேன்!"

"சம்பந்தி வீட்டு ஆளு. சொன்னதுக்கப்புறம் இல்லைன்னா நம்ம மரியாதை என்ன ஆகும்?" என்று உம்மு நிப்ராஸ் தேநீரில் புதினா போட்டுக்கொண்டே சொன்னாள்.

அலமாரி அதே கயிற்றில் இறங்கியது. அதே தெரு வேடிக்கை பார்த்தது. கீழே ஒரு நீல பிக்கப் காத்திருந்தது. ஜன்னல் திரும்பி வந்து, அறையில் வெயில் விழுந்தது.

வியாழக்கிழமை எதிர்வீட்டுப் பல் டாக்டர் வந்தார். சிங்கத்தின் வாயைத் திறந்து பார்ப்பவர்போலக் குனிந்து, "என்னா பல்லு! என்னா கம்பீரம்! இந்த சோஃபா மாதிரி ஊருலயே கிடையாது," என்றார்.

அபூ நிப்ராஸ் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தார். ஆனால் அறுபது வருஷப் பழக்கம் நாக்கின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தது.

"மு... முகத்தம்."

"ஏத்துக்கிட்டேன். அட, இந்தப் பளிங்கு மேசையும் பிரமாதமாத்தான் இருக்கு!"

மீண்டும் நீல பிக்கப் வந்தது.

"அம்மான்ல வேற வண்டியே இல்லையா?" என்றார் அபூ நிப்ராஸ்.

"ராசியான வண்டி போல," என்றாள் உம்மு நிப்ராஸ்.

அபூ நிப்ராஸ் வெறுமையான அறையின் நடுவில் போய் நின்றார். பிறகு மெதுவாக நடந்து பார்த்தார். எங்கும் இடிக்கவில்லை. கைகளை விரித்துப் பார்த்தார். இந்தப் பக்கம் ஒரு வரிசை நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு வரிசை. அவர் முகத்தில் பழைய வெளிச்சம் வந்தது. தொலைபேசியை எடுத்தார்.

"அன்பான உறவுகளே, மக்கள் செய்கிற ஆகப்பெரிய தவறு, காலி இடத்தை வீணாக்குவது. அலங்காரத்தின் உயிரே வெற்றிடம்தான். இன்னொரு விஷயம். புகழ்ந்தவருக்குப் பொருளைக் கொடுத்துவிடுகிற பழைய அரபு மனசு இன்று எத்தனை பேருக்கு இருக்கிறது? நான் பெயர் சொல்ல விரும்பவில்லை."

ரோஜாப்பூக்கள் குவிந்தன.

வெள்ளிக்கிழமை நாற்பது பேரும் வந்தார்கள். வாடகை நாற்காலிகளில் நாற்பது பேரும் உட்கார்ந்தார்கள். தலைமை வகித்த வெள்ளைத்தாடிப் பெரியவர் மட்டும் சரவிளக்குக்கு ஒரு கும்பிடு போடுவதுபோலக் குனிந்து கடந்தார். காப்பி வந்தது. பெரியவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"உங்க மகள் லமீஸை எங்க பையனுக்குக் கேட்டு வந்திருக்கோம்."

அபூ நிப்ராஸ் எழுந்து நின்றார். முன்தினம் வரை நிற்கவும் இடமில்லாத அறை அது. "கொடுத்தோம்," என்றார். "குடிங்க."

நாற்பது கோப்பைகள் ஒன்றாக உயர்ந்தன. உள்ளறையிலிருந்து பெண்களின் குலவை கிளம்பியது. பெரியவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன ஒரு விசாலம்! என்ன ஒரு அடக்கம்! யார் போட்ட திட்டம் இது?" என்றார்.

"அடியேன்தான்," என்றார் அபூ நிப்ராஸ், மார்பில் கை வைத்து. "ஆரம்பத்துலேருந்தே என் மனசுல இருந்தது இதுதான்."

எல்லோரும் போன பிறகும் அந்த நிமிர்வு அவர் முதுகை விட்டுப் போகவில்லை. மனைவியிடம் அந்தப் பெரியவர் சொன்னதை இன்னொரு தடவை சொல்ல வேண்டுமென்று சமையலறைப் பக்கம் நடந்தார். பின்வாசலில் நீல பிக்கப்பின் ஓட்டுநர் நின்றிருந்தார். உம்மு நிப்ராஸ் அவருக்கு ஒரு தட்டு இனிப்பு கொடுத்துக்கொண்டிருந்தாள். அபூ நிப்ராஸ் கதவுக்கு இந்தப் பக்கம் இருப்பதை இருவரும் பார்க்கவில்லை.

"அத்தை, அலமாரி, சோஃபா, மேசை எல்லாத்தையும் கடைக்காரர் பேசாம திருப்பி எடுத்துக்கிட்டாரு," என்றார் ஓட்டுநர். "சரவிளக்கையும் கொண்டு வரச் சொல்றாரு. அதைப் புகழ நாளைக்கு யாரை அனுப்பப் போறீங்க?"